முன்பின் அறியாதவருடன் ஒரு வாணிகம்

பம்மல் கடைத்தெருவில் பொருள் வாங்கும்போது கடைக்காரர் நம் எதிரில் இருக்கிறார். அதே பம்மலில், வீட்டில் இருந்தபடி இணையத்தில் ஒரு நூல் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நம் வங்கி அட்டையின் எண் பல கணிப்பொறிகளைக் கடந்து வணிகரை அடைகிறது. வழியில் எவரேனும் அதைப் படித்துவிட்டால்?

எண்ணைப் பூட்டி அனுப்பலாம். ஆனால் சாவியையும் அதே வழியில்தானே அனுப்பவேண்டும்!

இதற்கு ஓர் உபாயம் உண்டு. வணிகர் திறந்த பூட்டுகளை எல்லாருக்கும் வழங்கிவிட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். பூட்டை எவரும் அழுத்தி மூடலாம். திறக்க அவர் ஒருவராலேயே இயலும். 1977இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் இத்தகைய பூட்டை எண்களால் அமைத்தனர்.

53ஐ 61ஆல் பெருக்கினால் 3233. இது எளிது. 3233 எந்த இரு பகா எண்களின் பெருக்கற்பலன் என்று கண்டுபிடிப்பதோ கடினம். முயன்று பாருங்கள்! நடைமுறையில் 617 இலக்கங்கள் கொண்ட எண்கள் பயன்படுகின்றன. அவற்றைக் காரணிகளாகப் பிரிக்க இன்றைய கணிப்பொறிகளாலும் இயலவில்லை. பெருக்கற்பலனே பூட்டு, காரணிகளே சாவி.

பூட்டு அந்த வணிகருடையதுதானா? இதற்குச் சான்றளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. அவை தரும் மின்சான்றிதழை நம் உலாவி சரிபார்க்கிறது. எனினும், இந்த முகவரிக்கு உரிய பூட்டு இதுவே என்றுதான் சான்றிதழ் கூறும். வணிகரின் நேர்மைக்கு அது பொறுப்பேற்காது. ஏமாற்றுக்காரரும் சான்றிதழ் பெறக்கூடும். ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அட்டை எண் களவு போனாலும் பணம் போகாதிருக்க, இணைய வாணிகத்தில் மற்றுமோர் அடையாளச் சோதனையை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் இவ்வகையைச் சேர்ந்ததே. தொலைபேசியில் கேட்பவரிடம் அதைச் சொல்வது, சாவியை நாமே எடுத்துக் கொடுப்பதாகும்.

விற்பவருக்கும் ஓர் எச்சரிக்கை. யூ.பி.ஐ. முறையில் ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே தேவை; பெறுவதற்குத் தேவையில்லை. உங்கள் பழைய மிதிவண்டியை வாங்க வருபவர், "பணம் அனுப்பியுள்ளேன், ரகசிய எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றால், அழுத்தாதீர்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.