இணையவழி விளையாட்டுகளில் தவறான தடை

இணையவழி விளையாட்டுகளில் தவறான தடை என்பது, விதிகளை மீறாத ஒருவரின் விளையாட்டுக் கணக்கை, அவர் விதி மீறியதாகக் கருதி நிறுவனம் முடக்கிவிடுவதாகும். விளையாடுவோர் பேச்சில் இது 'ஐடி பேன்' எனப்படுகிறது. ஏமாற்று மென்பொருளைப் ('ஹேக்') பயன்படுத்தியதாக எழும் ஐயமே பெரும்பாலும் இத்தகைய தடைக்குக் காரணமாகிறது. தடை விழுந்தால் பல ஆண்டுகள் விளையாடிப் பெற்ற நிலைகளும், பணம் கொடுத்து வாங்கிய பொருட்களும், போட்டிகளில் கலந்துகொள்ளும் வாய்ப்பும் ஒரே நேரத்தில் பறிபோகின்றன. 'ஏமாற்றுக்காரர்' என்ற பெயரும் நண்பர்களிடையே ஒட்டிக்கொள்கிறது. தான் குற்றமற்றவர் என்று நிறுவும் சுமை விளையாடியவர் மீது விழுவதும், அதற்குத் தேவையான சான்றுகள் நிறுவனத்திடம் மட்டுமே இருப்பதும் இதன் அடிப்படைச் சிக்கல்கள்.

தடையின் வகைகள்

கணக்குத் தடையில் குறிப்பிட்ட கணக்கு மட்டும் முடக்கப்படும். அது சில நாட்களுக்கோ நிரந்தரமாகவோ இருக்கலாம். சாதனத் தடையில் செல்போன் அல்லது கணினியே அடையாளம் காணப்பட்டு விலக்கப்படும். அதில் புதிய கணக்கு தொடங்கினாலும் விளையாட முடியாது. முகவரித் தடையில் ஓர் இணைய முகவரியிலிருந்து (ஐ.பி. முகவரி) வரும் இணைப்புகள் அனைத்தும் மறுக்கப்படும். உரையாடலுக்கு மட்டும் விதிக்கப்படும் தடை, தரவரிசைப் போட்டிகளுக்கு மட்டும் விதிக்கப்படும் தடை போன்ற சிறிய வகைகளும் உண்டு.

தடை விதிக்கப்படும் முறை

இலட்சக்கணக்கானோர் விளையாடும் இடத்தில் ஒவ்வொருவரையும் மனிதர்களே கண்காணிப்பது இயலாது. எனவே நிறுவனங்கள் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருட்களைப் பயன்படுத்துகின்றன. வால்வ் நிறுவனம் 2002இல் அறிமுகப்படுத்திய 'வாக்' இவற்றுள் நெடுங்காலமாக இருந்துவரும் ஒன்று. இத்தகைய மென்பொருட்கள் பொதுவாக மூன்று வழிகளில் இயங்குகின்றன. முதலாவது, சாதனத்தின் நினைவகத்தில் அறியப்பட்ட ஏமாற்று நிரல்களின் தடயத்தைத் தேடுவது. இரண்டாவது, விளையாட்டின் சொந்தக் கோப்புகள் மாற்றப்பட்டுள்ளனவா எனச் சரிபார்ப்பது. மூன்றாவது, குறி தவறாமல் சுடுவது, மனிதக் கைக்கு இயலாத வேகத்தில் திரும்புவது போன்ற நடத்தைகளைப் புள்ளிவிவர முறையில் கண்டறிவது. இவற்றோடு மற்ற விளையாட்டாளர்கள் அளிக்கும் புகார்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

மனிதர்களையே நடுவர்களாக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் 2011இல் தொடங்கிய தீர்ப்பாய முறையில் விளையாட்டாளர்களே புகார்களைப் படித்து வாக்களித்தனர். 2014இல் அது நிறுத்தப்பட்டது. 'கவுண்டர்-ஸ்டிரைக்: குளோபல் ஒஃபென்சிவ்' 2013இல், அனுபவம் மிக்க விளையாட்டாளர்கள் ஐயத்துக்குரிய ஆட்டத்தின் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது.

கணக்கு சொல்லும் உண்மை

'99 விழுக்காடு துல்லியமானது' என்று சொல்லப்படும் கருவியும் குற்றமற்ற பலரைத் தண்டிக்கக்கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 96 ஆயிரம். ஏறக்குறைய அதே அளவில், 1,00,000 பேர் ஒரு விளையாட்டை ஆடுவதாக விளக்கத்துக்காக வைத்துக்கொள்ளலாம். அவர்களில் 1 விழுக்காட்டினர், அதாவது 1,000 பேர், ஏமாற்றுபவர்கள். கருவி ஏமாற்றுபவர்களில் 99 விழுக்காட்டினரைப் பிடித்தால் 990 பேர் சிக்குவர். அதே கருவி நேர்மையாளர்களில் 1 விழுக்காட்டினரை மட்டும் தவறாகப் பிடித்தால், 99,000 பேரில் 990 பேர் சிக்குவர். தடை பெற்றவர்களில் சரிபாதி குற்றமற்றவர்கள் என்பதே இதன் பொருள்.

தவறும் வீதத்தை 0.1 விழுக்காடாகக் குறைத்தாலும் 99 நேர்மையாளர்கள் தண்டிக்கப்படுவர். ஏமாற்றுபவர்கள் மிகச் சிலராகவும் நேர்மையாளர்கள் மிகப் பலராகவும் இருக்கும்போது, சிறு பிழை வீதமும் பெரிய எண்ணிக்கையாக மாறுகிறது. மருத்துவப் பரிசோதனைகளில் நோயில்லாதவருக்கு நோய் இருப்பதாக முடிவு வருவதும் இதே கணக்கின்படியே நிகழ்கிறது. எனவே, கருவி நன்றாகச் செயல்படுகிறது என்பது மட்டுமே ஒரு தனிமனிதர் மீதான முடிவு சரி என்பதற்குச் சான்றாகாது. முறையீட்டைக் கேட்கும் ஏற்பாடு தேவைப்படுவது இதனால்தான்.

தவறு நேரும் வழிகள்

பிற மென்பொருட்கள்: திரையைப் பதிவுசெய்யும் செயலி, விசைகளை மாற்றியமைக்கும் செயலி, கணினியில் செல்போன் விளையாட்டை இயக்கும் மென்பொருள் போன்றவை ஏமாற்று நிரலைப் போன்ற தடயத்தை விட்டுச்செல்லலாம்.

பகிரப்படும் முகவரி: இந்தியாவின் செல்போன் வலையமைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்வது இயல்பு. அந்த முகவரியிலிருந்து ஒருவர் ஏமாற்றினால், முகவரித் தடை மற்றவர்களையும் பாதிக்கும். விடுதி, கல்லூரி, பிரவுசிங் சென்டர் ஆகியவற்றின் இணைப்புகளுக்கும் இது பொருந்தும்.

பழைய செல்போன்: முன்பு வைத்திருந்தவர் ஏமாற்றியதால் சாதனத் தடை பெற்ற செல்போனை வாங்குபவர், எந்தத் தவறும் செய்யாமலே தடையையும் சேர்த்து வாங்குகிறார்.

கணக்குத் திருட்டும் பகிர்வும்: கடவுச்சொல்லைத் திருடியவரோ, கணக்கை இரவல் வாங்கிய நண்பரோ செய்த தவறு கணக்கின் உரிமையாளர் மீது பதிவாகிறது. வீட்டில் உள்ள ஒரே செல்போனைப் பலர் பயன்படுத்தும்போது இது எளிதில் நேர்கிறது.

கூட்டுப் புகார்: தோற்றவர்கள் சேர்ந்து, நன்றாக விளையாடுபவர் மீது புகார் குவிக்கலாம். புகார்களின் எண்ணிக்கைக்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தரும் அமைப்பில் திறமையே குற்றமாகிவிடும்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2006இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை லினக்ஸ் இயங்குதளத்தில் 'செடெகா' என்னும் மென்பொருள் வழியாக ஆடியவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. பின்னர் பிளிசார்ட் நிறுவனம் ஆய்வு செய்து அவற்றைத் திருப்பியளித்தது.

2010 சூலையில் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டாளர்கள் ஏறத்தாழ 12,000 பேர் வாக் மென்பொருளால் தவறாகத் தடைசெய்யப்பட்டனர். ஸ்டீம் தளம் ஒரு கோப்பைப் புதுப்பித்தபோது, வட்டில் இருந்த கோப்பும் நினைவகத்தில் இயங்கிக்கொண்டிருந்த அதன் படியும் வேறுபட்டன. மென்பொருள் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டது. வால்வ் தலைவர் கேப் நியூவெல் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தடைகள் நீக்கப்பட்டதுடன், பாதிக்கப்பட்டவர்களுக்கு 'லெஃப்ட் 4 டெட் 2' விளையாட்டு இலவசமாக வழங்கப்பட்டது.

2023 அக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனம் தன் வரைகலை அட்டைகளுக்கு வெளியிட்ட புதிய வசதி 'கவுண்டர்-ஸ்டிரைக் 2' விளையாட்டின் நிரலில் தலையிட்டதால், அதை இயக்கியவர்கள் தடைக்கு உள்ளாயினர். ஏ.எம்.டி. அந்த வெளியீட்டைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்களை இனங்கண்டு தடையை நீக்குவதாக வால்வ் அறிவித்தது.

2024 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனம், 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டின் 'ரிக்கோஷே' பாதுகாப்பு அமைப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திச் சிலர் நேர்மையான கணக்குகளைத் தடைசெய்ய வைத்ததை ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்ததாகக் கூறியது. அந்த அமைப்பு நினைவகத்தில் சில சொற்களைத் தேடியது என்றும், அதே சொற்களைச் செய்தியாக அனுப்பினாலே பெறுபவர் சிக்கிக்கொண்டார் என்றும் அதைச் செய்தவர் பின்னர் விளக்கினார்.

இந்நிகழ்வுகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டதால்தான் தவறு வெளிப்பட்டது. தனியாக ஒருவருக்கு நேரும் தவறு அதே அளவு கவனம் பெறுவது அரிது.

சான்று மறைக்கப்படுதல்

எந்தத் தடயத்தால் ஒருவர் பிடிபட்டார் என்பதை நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. சொன்னால் ஏமாற்று மென்பொருள் செய்பவர்கள் அதைக் கற்றுக்கொண்டு தப்பிவிடுவார்கள் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். அதே காரணத்துக்காகத் தடைகளை உடனே விதிக்காமல், வாரக்கணக்கில் சேர்த்து ஒரே நாளில் விதிப்பதும் உண்டு. இவ்விளக்கத்தில் நியாயம் உள்ளது. ஏமாற்றுபவர்களால் அன்றாடம் பாதிக்கப்படுவோரும் நேர்மையாக விளையாடுபவர்களே. ஆயினும் இதன் சுமை குற்றமற்றவர் மீது விழுகிறது. எந்த நாளில், எந்த ஆட்டத்தில், என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு என்று அறியாதவரால் மறுப்புச் சொல்ல இயலாது. வாக் தடைகள் நிரந்தரமானவை, வாடிக்கையாளர் உதவிப் பிரிவால் நீக்க இயலாதவை என்பது வால்வ் நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட கொள்கை. தவறு என நிறுவனமே கண்டறிந்தால் மட்டும் அவை நீக்கப்படும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வைக் காட்டுகிறது. 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, கணக்கை முடக்கும் இணையத் தளங்கள் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். முறையீட்டின் மீதான முடிவைத் தானியங்கி முறை மட்டுமே எடுக்கவும் கூடாது.

இந்தியாவில்

இந்தியாவில் 'விளையாட்டுத் தடை' என்ற சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் அரசு ஒரு செயலியையே முடக்குவது ஒன்று. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலும், 2022 பிப்ரவரியில் கரீனா ஃப்ரீ ஃபயரும் இவ்வாறு முடக்கப்பட்டன. அப்போது எந்த விதியையும் மீறாத கோடிக்கணக்கானோர் தம் கணக்குகளை இழந்தனர். 2021 சூலையில் கிராஃப்டன் நிறுவனம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' (பி.ஜி.எம்.ஐ.) விளையாட்டை வெளியிட்டபோது, பழைய கணக்கின் தரவை மாற்றிக்கொள்ளக் குறிப்பிட்ட காலம் அளிக்கப்பட்டது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்யும் 2025ஆம் ஆண்டின் நடுவண் சட்டமும் இந்த முதல் வகையைச் சார்ந்ததே.

இரண்டாவது, நிறுவனம் தனிமனிதரின் கணக்கை முடக்குவது. பி.ஜி.எம்.ஐ. விளையாட்டில் ஏமாற்றுபவர்களின் கணக்குகளுடன் சாதனங்களையும் தடைசெய்யும் முறை 2021 இறுதியில் கொண்டுவரப்பட்டது. முதல் வகைத் தடையை நீக்க அரசோ நீதிமன்றமோ முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது வகைக்கு எதிராகத் தனிமனிதரே முறையிடலாம்.

விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து முறையிடும் வழிகள்

பெரும்பாலான விளையாட்டு நிறுவனங்களின் தலைமையகம் வெளிநாட்டிலோ பெருநகரிலோ இருப்பதால், சிறு நகரங்களில் உள்ளோர் முறையீடு தம் கைக்கு எட்டாதது என்று எண்ணிவிடுகின்றனர். திண்டிவனத்தில் வசிக்கும் ஒரு மாணவருக்கும் பின்வரும் வழிகள் திறந்தே உள்ளன.

1. நிறுவனத்தின் உதவிப் பிரிவு: கணக்கின் அடையாள எண், தடை அறிவிப்பின் திரைப்படம், பணம் செலுத்திய ரசீதுகள், கடைசியாக விளையாடிய நாளும் சாதனமும் ஆகியவற்றை இணைத்து எழுத வேண்டும். எந்த விதியை மீறியதாகக் கருதப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். பழைய செல்போன் என்றால் அதை வாங்கிய ரசீது முதன்மையான சான்றாகும்.

2. குறைதீர் அலுவலர்: 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணைய இடைநிலை நிறுவனங்கள் குறைதீர் அலுவலரை அமர்த்தி அவரது தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும். 2023 ஏப்ரலில் செய்யப்பட்ட திருத்தம் இணைய விளையாட்டு இடைநிலை நிறுவனங்களையும் வரையறுத்தது. விதிகள் 2021இல் வெளியானபடி, புகாரைப் பெற்றதை 24 மணி நேரத்திலும் தீர்வை 15 நாட்களிலும் தெரிவிக்க வேண்டும்.

3. குறைதீர் மேல்முறையீட்டுக் குழு: 2022 அக்டோபர் திருத்தத்தால் உருவான இக்குழுக்கள் 2023இல் செயல்படத் தொடங்கின. குறைதீர் அலுவலரின் முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நடவடிக்கைகள் முழுவதும் இணையவழியில் நடப்பதால் தில்லிக்குச் செல்ல வேண்டியதில்லை.

4. நுகர்வோர் ஆணையம்: பணம் செலுத்திப் பொருட்கள் வாங்கியிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடரலாம். பணமே செலுத்தாமல் விளையாடியவர் 'நுகர்வோர்' என்ற வரையறைக்குள் வருவது கடினம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பினரின் இடமோ வழக்குக்கான காரணம் எழுந்த இடமோ முக்கியமாக இருந்தது. புதிய சட்டம் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்தது. அதனால் திண்டிவனத்தில் வசிப்பவர் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள விழுப்புரத்தின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். இணையவழியிலும் பதிவு செய்யலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். 18 வயது நிரம்பாதவர் சார்பில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தொடரலாம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிப்பதும் பயன்தரும்.

பிணக்குகள் நடுவர் தீர்ப்பாயத்துக்கே செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது என 2018இல் எம்மார் எம்.ஜி.எஃப். – அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

தவிர்க்க வேண்டியவை

தடையை நீக்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரும், ஓ.டி.பி. எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்போரும் மோசடிக்காரர்களே. தடையை நீக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு வெளியே உள்ள எவருக்கும் கிடையாது. இவ்வாறு பணம் இழந்தவர்கள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். முறையீடு நிலுவையில் இருக்கும்போது தடையைச் சுற்றிப்போக வேறு கணக்கில் நுழைவதும், சாதன அடையாளத்தை மாற்றும் செயலிகளை நிறுவுவதும் பெரும்பாலான விளையாட்டுகளில் தனி விதிமீறல்களாகும். அவற்றைச் செய்தால், அதுவரை குற்றமற்றவராக இருந்தவரின் மீது உண்மையான குற்றச்சாட்டு ஒன்று சேர்ந்துவிடும்.