முயலுக்கு வயதாகிக் கண் மங்கும்போது

வீட்டில் நன்றாக வளர்க்கப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை இருக்கும். பலருக்கு இது புதுச் செய்தி. நம் ஊரில் முயலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பண்ணைப் பேச்சுதான். குட்டி இரண்டு கிலோ எடை வந்ததும் விற்பனைக்குப் போய்விடும். கிழட்டு முயலைப் பார்த்தவர்களே குறைவு. பிள்ளை அடம்பிடித்ததால் வாங்கிய முயல், அந்தப் பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது, அதன் மூப்பைப் பற்றிக் கேட்க ஆள் கிடைப்பதில்லை. 5, 6 வயதிலேயே மூப்பு தொடங்கிவிடும். கண் மங்குவதும் அதோடு வரலாம்.

பார்வை போனது ஏன் தெரிவதில்லை?

முயலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பின்னால் வருவதையும் மேலே வருவதையும் அது பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் எதிரே, தாடைக்குக் கீழே இருப்பது அதற்கு எப்போதுமே தெரியாது. நீங்கள் நீட்டும் கீரையைக் கடைசி நேரத்தில் அது கண்டுபிடிப்பது உதட்டாலும் மீசையாலும்தான். கண் நன்றாக இருந்த காலத்திலும் இப்படித்தான். எனவே பார்வை மெல்ல மெல்லக் குறைந்தால், பழகிய வீட்டில் அது தடுமாறாமல் சமாளித்துக்கொள்ளும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் நோவை மறைப்பதும் அதன் இயல்பு.

கவனித்தால் சில மாற்றங்கள் தெரியும். தொட்டவுடன் திடுக்கிடும், உறுமும், சில சமயம் கடிக்கவும் வரும். சுவரோரமாகவே நடக்கும். ஏறிக் குதித்த இடத்தில் தயங்கும். இடம் மாற்றிய நாற்காலியில் முட்டிக்கொள்ளும். கண் முன்னே கையை ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. காற்று அசைவதை மீசையே சொல்லிவிடும். சின்னப் பஞ்சு உருண்டை ஒன்றை, முயலுக்குப் பக்கவாட்டில் ஓரடி தள்ளி, மேலிருந்து விழவிடுங்கள். அதில் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. தலை அதன் பின்னே திரும்பினால் அந்தப் பக்கத்துக் கண்ணுக்குப் பார்வை இருக்கிறது. திரும்பாவிட்டால் உடனே முடிவு கட்டாமல் மறுநாளும் பாருங்கள். முயலுக்கு அலட்சியமும் உண்டு.

சிவப்புக் கண் வெள்ளை முயல் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவது வேறு விஷயம். நிறமி இல்லாத அந்தக் கண்களுக்குப் பிறவியிலேயே பார்வை மட்டுதான். தூரத்தைக் கணிக்க அப்படி ஆட்டும்.

எல்லாம் வயசுக் கோளாறு அல்ல

கண்ணில் வெள்ளை தெரிந்ததும் 'வயசாகிவிட்டது, புரை விழுந்திருக்கிறது' என்று விட்டுவிடுகிறோம். ஆபத்து அங்கேதான். மூப்பால் வரும் கண்புரை வலிக்காது. வேறு சில கோளாறுகள் கடுமையாக வலிக்கும்.

என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிரி முயலின் சிறுநீர் வழியாகப் பரவுவது. தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றி, லென்சில் தங்கிவிடுவதும் உண்டு. பின்னாளில் லென்ஸ் உறை கிழிந்து, கண்ணுக்குள் வெள்ளைக் கட்டிபோலத் தெரியும். கண் சிவந்து வீங்கும். தலை ஒரு பக்கம் சாய்வதற்கும் பின்னங்கால் வலுவிழப்பதற்கும் இதே கிருமி காரணமாகலாம். கண் அழுத்த நோய் வந்தால் விழி பெரிதாகி நீலம் பாய்ந்ததுபோல் இருக்கும். நியூசிலாந்து வெள்ளை இனத்தில் இது பரம்பரையாகவே வருகிறது.

யாரும் சந்தேகிக்காத காரணம் பல். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை மென்று தேயாவிட்டால் வேர் மேல்நோக்கி நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்தும். கண்ணில் ஓயாமல் நீர் வடியும், வெள்ளைப் பீளை கட்டும். வேரில் சீழ் கோத்தால் விழியே வெளியே பிதுங்கும். கண்ணுக்கு வைத்தியம் தேடிப் போனவர்களுக்கு வாயைப் பரிசோதிக்கும் மருத்துவரைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். அவர் செய்வதுதான் சரி.

கைவைத்தியம் வேண்டாம்

விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். வீட்டில் மீந்த கண் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் புண் ஆழமாகிவிடும். நமக்குத் தரும் அமாக்ஸிசிலின் மாத்திரை முயலின் வயிற்றுக்குள் போனால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிருக்கே ஆபத்து. கேரட்டும் புரையைக் கரைக்காது. அதில் இனிப்பு அதிகம், சின்னத் துண்டு போதும்.

அதன் வழியை மாற்றாதீர்கள்

கண் மங்கிய முயலுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, எதையும் இடம் மாற்றாமல் இருப்பது. தீனிக் கிண்ணம், தண்ணீர், மலத்தட்டு, படுக்கை எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். போகிக்கு வீட்டை ஒழித்துப் போடும்போது அதன் மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். தாடைக்குக் கீழுள்ள சுரப்பியால் கதவிடுக்கிலும் நாற்காலிக் காலிலும் தேய்த்து அது தன் வாசனையைப் பதித்து வைத்திருக்கும். பினாயில் போட்டுத் துடைத்தால் அந்த அடையாளம் முழுக்கப் போய்விடும். அதன் இடத்தை வெந்நீரில் துடைத்தாலே போதும்.

டைல்ஸ் தரையில் வயதான முயலுக்குக் கால் வழுக்கும். படுக்கையிலிருந்து கிண்ணம் வரை கோணிச்சாக்கை விரித்துவிட்டால், பாதத்துக்குப் பிடிமானமும் கிடைக்கும், வழியும் தெரியும். கோரைப்பாயும் ஆகும். மலத்தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். மாடிப்படியை அடைத்துவிடுங்கள். மொட்டை மாடியில் தனியாக விடவே வேண்டாம்; காக்கை வருவது அதற்குத் தெரியாது.

கிட்டப் போகுமுன் குரல் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் அது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து கையை இறக்கினால் பருந்து என்றே நினைக்கும். கையைத் தரையோடு நீட்டி, மோந்து பார்க்கவிட்டு, பிறகு தொடுங்கள். காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் எந்த முயலுக்கும் கொடுமைதான். பார்வையற்ற முயல் பயந்து உதறினால் முதுகெலும்பே முறியக்கூடும். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்தைத் தாங்கியபடி, உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். தீபாவளி இரவில் அதை உள்ளறையில் வைத்து, பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வயிறும் பின்புறமும்

தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும். அருகம்புல் நல்லது. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வயதான முயலுக்குச் சிறுநீர்ப்பையில் படிவு சேரும் என்பதால் குறைத்துக் கொடுங்கள். முயல் தன் மென்மையான புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். அது அதற்குத் தேவையான சத்து. மூட்டுவலி வந்த முயலால் குனிந்து எடுக்க முடியாது. புழுக்கை பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் தினம் இருமுறை திருப்பிப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். கைக்குத் தெரியுமுன்னே தராசுக்குத் தெரிந்துவிடும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கண்ணைத் திறக்காமல் மூடியே வைத்திருந்தாலும், விழி பிதுங்கினாலும், தலை சாய்ந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரம். எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் முயல் பழக்கமில்லை. முயல் பார்ப்பாரா என்று முன்பே கேட்டு வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் முயலுக்கு லென்ஸ் மறுபடி வளர்ந்துவிடுவதும் உண்டு. வலியில்லாத புரையோடு அது நன்றாகவே வாழும் என்பதால், 9 வயது முயலுக்கு மயக்க மருந்து கொடுக்கும் அளவுக்கு அவசியமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொண்டுபோகும் கூடையில் அதன் பழைய சாக்கையே துவைக்காமல் விரித்துவிடுங்கள்.