ஆற்றைத் தடை செய்வதா, ஆற்றோடு நடக்கப் பழக்குவதா?

பாடசாலை விடுமுறை ஆரம்பமானதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே போகிறோம்?" என்பதுதான். சுற்றுலா என்றால் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி நுவரெலியாவுக்கோ கதிர்காமத்துக்கோ செல்வதே என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. அன்றாட வருமானத்தில் காலம் தள்ளும் குடும்பங்களுக்கு அது எட்டாக்கனியாகும். ஆனால் கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்ட, தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பகுதிகளில் வாழ்வோருக்கு இயற்கை வேறொரு வாய்ப்பை அளித்திருக்கின்றது. இறப்பர் மலைகளுக்கு இடையே ஓடிவரும் சீதாவக்கை கங்கையும் களனி கங்கையும் அவர்களது வாசலுக்கு அண்மையிலேயே இருக்கின்றன.

இவ்வளவு அருகில் ஆறு இருந்தும் பிள்ளைகளுக்கும் ஆற்றுக்கும் இடையிலான உறவு இரு விதமாகவே அமைகின்றது. ஒன்று, "ஆற்றுப் பக்கம் போகாதே" என்ற கண்டிப்பு. மற்றையது, அக்கண்டிப்பை மீறி நண்பர்களோடு இரகசியமாகச் சென்று குளிப்பது. தடை விதித்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது எனப் பெற்றோர் நிம்மதி கொள்கின்றனர். உண்மையில், ஆற்றைப் பற்றி எதுவுமே அறியாத பிள்ளையே அங்கு தனியாகச் செல்கின்றது.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களாவர். பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்து, நீரின் இயல்பை அறிந்துகொள்வதே பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய முதற் பாதுகாப்பாகும்.

இதற்கு முதலில் காலமறிதல் வேண்டும். சப்ரகமுவ மலைச்சாரலில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெய்யும். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெயிலாக இருந்தாலும் பிற்பகலில் இடிமின்னலுடன் மழை கொட்டும். எனவே விடுமுறையை மட்டும் நம்பியிராது, மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையோ போயா தினத்தையோ தெரிவு செய்வதே பொருத்தமானது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்கு முன்னர் வீடு திரும்பிவிட வேண்டும்.

அடுத்தது தூரம். சிறுபிள்ளை நடந்து செல்வதில்லை. நின்று நின்று செல்கின்றது. தும்பியைக் கண்டால் நிற்கும், கல்லைக் கண்டால் எடுக்கும். ஆகையால் போக ஒரு கிலோமீற்றர், வர ஒரு கிலோமீற்றர் என்பதே ஆறு வயதுப் பிள்ளைக்குப் போதுமானது. ஊரார் அன்றாடம் பயன்படுத்தும் பாதையையே தெரிவு செய்ய வேண்டும். தோட்டத்தினுள் செல்வதாயின் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று. ஈரப் பாறையில் வழுக்கும் இறப்பர் செருப்பைத் தவிர்த்து, பாடசாலைச் சப்பாத்தையேனும் அணிவித்தல் வேண்டும். அட்டைக்கடிக்குச் சிறிது உப்போ சவர்க்காரமோ கையில் இருந்தால் போதும்.

ஆற்றின் குணத்தை விளக்குவதே இந்நடையின் முக்கிய பாடமாகும். செங்குத்தான மலைகளில் பெய்யும் மழை விரைவில் பள்ளத்தாக்கை வந்தடையும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மழை பெய்திருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், இலைகளும் குச்சிகளும் மிதந்து வருதல், நீரின் ஓசை பெருத்தல் ஆகிய மூன்றும் வெள்ளத்தின் தூதுவர்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கித்துல்கலைப் பகுதியில் களனி கங்கையின் நீர்மட்டம், மேலேயுள்ள நீர்மின் நிலையங்களிலிருந்து நீர் வெளியேறும்போது மழையின்றியும் உயரும் என்பது குறிப்பிடத்தக்கது.

மணல் அகழ்ந்த இடங்களிலும் மாணிக்கக்கல் தோண்டிய இடங்களிலும் முழங்கால் அளவு நீருக்கு அடுத்த அடியிலேயே ஆழமான குழி இருக்கக்கூடும். ஆகவே நடைக்கெனச் சென்ற நாளில் நடையோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். ஒரு பெரியவருக்கு இரு பிள்ளைகளுக்கு மேல் பொறுப்பளிக்கலாகாது. நீரில் ஒருவர் தத்தளித்தால் பின்னால் குதிக்காமல், கம்பையோ கயிற்றையோ சேலையையோ நீட்டி இழுக்க வேண்டும் என்பதைப் பெரியவர்களும் நினைவில் வைத்திருத்தல் அவசியம். எலிக்காய்ச்சல் பரவும் மாவட்டம் இது என்பதால், காலில் காயமுள்ள பிள்ளையைச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறக்கக் கூடாது.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் ஈடாகக் கிடைப்பவை ஏராளம். பால் வடியும் சிரட்டை, கித்துள் மரம், மீன்கொத்தியின் பாய்ச்சல் என யாவும் பாடங்களே. பஸ்ஸில் அவிசாவளை வரை சென்றால் வரலாறும் காத்திருக்கின்றது. 1521இல் மாயாதுன்னை ஆட்சியமைத்த சீதாவக்கை இராச்சியத்தின் தலைநகர் அதுவே. அவனது மகன் முதலாம் இராஜசிங்கன் எழுப்பத் தொடங்கியதாகக் கூறப்படும் பெரண்டி கோயிலின் கற்சிதைவுகள் அங்கு இன்றும் உள்ளன. சிங்கள மன்னன் ஒருவன் சிவ வழிபாட்டைத் தழுவிய கதையை அக்கற்களின் அருகில் நின்று சொல்லும்போது பிள்ளை மறக்காது.

உணவுப் பொதியின் பொலித்தீனைத் திருப்பி எடுத்துவரப் பழக்குவதும் கல்வியே. சீதாவக்கை கங்கை களனியோடு கலக்கின்றது. களனியின் நீர் அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மக்களின் குடிநீராகின்றது. இங்கு வீசும் குப்பை அங்குள்ள உறவினரின் குவளையை நோக்கியே பயணிக்கின்றது.

2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மண்சரிவு எச்சரிக்கையோ வெள்ள எச்சரிக்கையோ விடுக்கப்பட்டிருந்தால் நடையை ஒத்திவைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்களைப் பிள்ளைகளும் மனனம் செய்திருக்கட்டும்.

மலையையும் ஆற்றையும் விட்டு இம்மக்கள் வேறெங்கும் போய்விடப் போவதில்லை. அவற்றோடு வாழ வேண்டிய பிள்ளைக்கு அச்சத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அறிவையும் கொடுத்தாக வேண்டும். அதற்கு மாதத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவது பெற்றோருக்குப் பெருஞ்சுமையாகாது.