கூகைக்கட்டும் மகன் மறைத்த நோவும்

2009ஆம் ஆண்டு. வவுனியா மெனிக் பாம் முகாமில் ஒரே கூடாரத்தில் இரண்டு குடும்பங்களாக இருந்தோம். ஒரு காலை பதின்மூன்று வயது மகன், "அம்மா, வாய் திறக்க ஏலாமல் கிடக்கு" என்றான். காய்ச்சலும் இருந்தது. காதடியில் கன்னம் உப்பி, காதுச்சோணை மேலே தள்ளியிருந்தது. மறுநாள் மற்றப் பக்கமும் வீங்கியது.

"கூகைக்கட்டு. பொற்சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிடு பிள்ளை" என்றார் பக்கத்து ஆச்சி. சங்கிலிக்கு எங்கே போவது? எல்லாம் வந்த வழியிலேயே போய்விட்டது.

முகாம் வைத்தியர் பார்த்துவிட்டு விளக்கினார். இது உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாக்கும் வைரஸ் நோய். அன்ரிபயோட்டிக் இதற்கு வேலை செய்யாது. வயதுக்கேற்ற அளவில் பனடோல், ஓய்வு, நிறையத் தண்ணீர், கஞ்சி போதும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. புளிப்பு நோவைக் கூட்டும். எச்சில், தும்மல் வழியே தொற்றுவதால் வீங்கியதிலிருந்து ஐந்து நாட்கள் மற்றப் பிள்ளைகளோடு சேரவிடக்கூடாது. கோப்பையும் வேறாக இருக்கவேண்டும்.

ஆறாம் நாள் கன்னம் வற்றியது. ஆனால் மகன் காலை அகட்டி நடந்தான். கேட்டால் "ஒன்றுமில்லை" என்றான். இரவு திரும்பவும் காய்ச்சல். வற்புறுத்திக் கேட்டபோதுதான் அழுதபடி சொன்னான்: ஒரு விதை வீங்கி நோகிறதாம். தகப்பன் இல்லாத வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாட்கள் மறைத்திருக்கிறான்.

"இனி இவனுக்குப் பிள்ளை பிறக்காது" என்று கூடாரங்களில் கதை கிளம்பியது. வைத்தியரோ, பருவமடைந்த ஆண்பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் ஒரு பக்கம்தான், மலடாவது அரிது என்றார். படுக்கை ஓய்வு, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி, நோ மாத்திரை. சில நாட்களில் மாறியது.

சகோதரிகளே, எல்லா வீக்கமும் கூகைக்கட்டு அல்ல. சாப்பிடும்போது மட்டும் வீங்கினால் சுரப்பிக் குழாயில் கல் இருக்கலாம். ஒரு பக்கம் சிவந்து வாய்க்குள் சீழ் வந்தால் அது பக்டீரியாத் தொற்று; அதற்கு அன்ரிபயோட்டிக் வேண்டும். வாரக்கணக்கில் வற்றாத கட்டியையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, வயிற்று நோ, காது கேளாமை இருந்தால் தாமதிக்காதீர்கள். கன்னம் வீங்காமல் விதை திடீரென நோவெடுத்தால் அது முறுகியிருக்கலாம். அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

இலங்கையில் 2011இல் எம்.எம்.ஆர். தடுப்பூசி தேசிய அட்டவணையில் சேர்ந்தது. இப்போது 9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் இலவசமாகப் போடுகிறார்கள். என் மகனுக்கு அது கிடைக்கவில்லை. அவனுடைய மகளைக் கிளிநொச்சி கிளினிக்குக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போட்டதும் வீரிட்டு அழுதாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆண்பிள்ளை வளர்க்கும் தாய்மாரே, வெட்கப்படாமல் கேளுங்கள். நாங்கள் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.