ராமாயணத்தை எந்தப் படத்தோடு முடிப்பது?

அக்கா மகளுக்கு 11 வயது. போன விடுமுறையில் பரணில் கிடந்த என் பழைய படக்கதை ராமாயணத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து, "பட்டாபிஷேகம் ஆயிடுச்சு, சரி. அப்புறம் என்ன ஆச்சு மாமா?" என்றாள். அப்புறம் நடந்தது எனக்குத் தெரியும். ஆனா சொல்ல வாய் வரலை. "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் இரண்டு நாள் உறுத்தியது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

இதிகாசத்தைச் சிறுவர்களுக்குப் படக்கதையாக்கும்போது எதை வரைவது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது, யார் கண்ணால் பார்ப்பது என்பதுதான். இது ஒன்றும் புதுக் கவலை இல்லை. கம்பரே முடிசூட்டிய கையோடு எல்லோருக்கும் விடைகொடுத்து நூலை முடித்துக்கொண்டார். தமிழில் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பெயரில்தான் சொல்வார்கள். 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்ர கதையிலும் லவன், குசன் கதை தனி இதழ்தான். 32 பக்கத்துக்குள் அடக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழியில் போன ஒரு புத்தகம் உண்டு. சென்னையிலிருக்கும் தாரா புக்ஸ் 2011இல் வெளியிட்ட 'சீதாஸ் ராமாயணா'. படம் மொய்னா சித்ரகார், ஆங்கில எழுத்து சம்ஹிதா ஆர்னி. கதை அயோத்தியில் தொடங்கவில்லை. கர்ப்பிணியான சீதை காட்டில் விடப்பட்டு நிற்கிறாள். காடு அவளை விசாரிக்கிறது, அவள் தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். அதாவது, நான் சொல்லாமல் விழுங்கிய அந்த 'அப்புறம்' இங்கே முதல் பக்கம்!

இந்தத் துணிச்சல் திடீரென்று முளைத்ததல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே வங்காளத்தில் சந்திராவதி என்ற பெண் கவிஞர் சீதையின் பக்கம் நின்று ராமாயணம் பாடியிருக்கிறார். மொய்னா சித்ரகாரும் வங்காளத்தின் பட்டுவா மரபில் வந்தவர். பட்டுவாக்கள் நீளமான சுருளில் கதையை வரைந்து, ஊர் ஊராகப் போய், சுருளை மேலிருந்து கீழே விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பாடுவார்கள். கட்டம் கட்டமாகக் கதை சொல்வது நாம் மேற்கிலிருந்து கற்றுக்கொண்ட வித்தை என்று நினைப்பவர்கள் இந்தச் சுருள்களை ஒருமுறை பார்க்கலாம்.

இந்தப் புத்தகத்தில் படம்தான் முதலில் வந்தது, வார்த்தை பிறகு. வழக்கமாக எழுத்தாளர் எழுதிக் கொடுப்பார், ஓவியர் வரைவார். இங்கே வரைந்து முடித்த படங்களுக்கு ஆர்னி சொல் தேடியிருக்கிறார்.

சீதையே கதை சொன்னால் ஒரு சிக்கல் வரும். அவள் அசோகவனத்தில் சிறையிருக்கிறாள், போரை எப்படிப் பார்ப்பாள்? திரிசடை வழியாகத்தான் சேதி வருகிறது. ஆக, யார் ஜெயித்தார்கள் என்பதைவிட யார் செத்தார்கள் என்பதே முன்னால் நிற்கிறது. இலங்கைப் பெண்களின் இழப்பும் கண்ணில் படுகிறது. சூர்ப்பனகையின் மூக்கை அறுத்ததை நாம் சிறுவயதில் சிரித்துக்கொண்டே கேட்டோம். இங்கே அது சிரிப்பாக இல்லை.

"சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பயமுறுத்துவது சம்பவமா, அதை வரைந்த விதமா என்று பிரித்துப் பார்க்கணும். அமர் சித்ர கதை ரவிவர்மா, காலண்டர் பட வழியில் வந்தது. உடம்பு உடம்பாகவே இருக்கும், அடிபட்டால் வலிக்கும். (அரக்கர் என்றால் கருப்புத் தோல் என்று பதிய வைத்ததும் அதே பாணிதான். அதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.) பட்டுவா ஓவியத்தில் தடித்த கோடு, நிழல் விழாத தட்டையான நிறம், அகன்ற கண். வெட்டுண்ட தலைகூட ஒரு வடிவமாகத்தான் தெரியும். பிள்ளை முகம் திருப்பாமல் பார்க்க முடிகிறது, ஆனால் நடந்தது மறைக்கப்படவும் இல்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். போர்ப்பகுதி ஓட்டமாக ஓடுகிறது, பெயர்கள் குவிகின்றன. கதை முன்பே தெரியாதவர் திணறுவார். பாடகரின் குரலும் இல்லை. சுருளில் அவர் நிறுத்தி நிறுத்திப் பாடும் இடத்தைப் புத்தகத்தில் நாம் சட்டென்று புரட்டிவிடுகிறோம்.

அந்தப் புத்தகத்தைத்தான் அவளிடம் கொடுத்தேன். பூமி பிளக்கும் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தாள். அழுவாளோ என்று நினைத்தேன், அழவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "அம்மா போனப்புறம் லவனும் குசனும் அவங்க அப்பாகூட எப்படி மாமா பேசியிருப்பாங்க?" என்றாள்.

இந்த முறை "அவ்வளவுதான்" என்று சொல்லவில்லை. தெரியலைம்மா என்றேன். இப்போது வரைபட நோட்டில் அவளே ஏதோ கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் காட்டவில்லை.