குக்கர் குண்டும் விரால் தூண்டிலும்

"அறுத்துக்கிட்டுப் போயிருச்சு மாமா" என்று அக்கா மகன் வாசலில் வந்து நின்றான். கையில் புது ராடும் ரீலும் இருந்தன. நரம்பின் நுனியில் முள் இல்லை. ஐப்பசி மழையில் அன்னவாசலைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்கு அப்போதுதான் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. மடைக்குப் பக்கத்தில், தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு விரால் அடித்ததாம். மிஞ்சிப் போனால் ஒரு கிலோ இருக்கும் என்று அவனே சொன்னான். அவன் கட்டியிருந்தது 10 பவுண்டு நைலான், அதாவது நாலரைக் கிலோ தாங்கக்கூடிய தங்கூசி. ஒரு கிலோ மீன் அதை எப்படி அறுத்தது?

ரீலின் முகப்பில் இருக்கும் திருகைத் தொட்டுப் பார்த்தேன். இம்மியும் அசையாதபடி முறுக்கி வைத்திருந்தான். நரம்பு தளர்ந்தால் மீன் ஓடிவிடுமே என்ற பயம். அந்த நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் விசிலடித்தது. தூண்டில் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

குக்கர் மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளை. அதன் மேல் ஒரு குண்டு. உள்ளே ஆவி சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கூடுதலானதும், குண்டின் எடையை ஆவி வென்றுவிடுகிறது. குண்டு தூக்கிக்கொண்டு கொஞ்சம் ஆவியை விட்டுவிட்டு மறுபடி உட்காருகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் உள்ளே அழுத்தம் கூடாது, விசில்தான் கூடும். பருப்பு வேகிற அளவுக்குப் பிடித்து வைக்கவும் வேண்டும், பாத்திரம் வெடிக்காத அளவுக்கு விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இரண்டையும் அந்த ஒரு குண்டே பார்த்துக்கொள்கிறது.

ரீலில் அந்தக் குண்டின் வேலையைச் செய்வதை டிராக் என்கிறார்கள். நரம்பு சுற்றியிருக்கும் உருளைக்குள் தோசைகளை அடுக்கினாற்போல வட்டத் தகடுகள் இருக்கும். ஓர் உலோகத் தகடு, அதன் மேல் கம்பளித் துணி போன்ற ஒரு வட்டு, மறுபடி உலோகம். மேலே உள்ள திருகை முறுக்கினால் ஒரு ஸ்பிரிங் இந்த அடுக்கை அழுத்தும். உரசல் கூடும். மீன் இழுக்கும் விசை அந்த உரசலைத் தாண்டும்வரை உருளை நகராது. தாண்டியதும் வழுக்கி நரம்பை விடும். அப்போது எழும் "கிர்ர்" சத்தம்தான் தூண்டில்காரனுக்கு விசில். அந்தச் சத்தம் கேட்டால் பயப்படக் கூடாது. கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள்.

மருமகன் செய்தது குண்டின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி. அப்படியானால் குக்கரில் என்ன நடக்கும்? மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு உருகிப் பிய்த்துக்கொள்ளும். தூண்டிலில் அந்த வால்வு எது என்றால், முள்ளைக் கட்டிய முடிச்சு. நரம்பில் ஆகப் பலவீனமான இடம் பெரும்பாலும் அதுதான். காய்ந்த நரம்பில் முடிச்சை இறுக்கினால் உரசல் சூட்டிலேயே நைலான் பாதி செத்துவிடும். கொழுக்கட்டை பிடிக்கும்போது கையில் எண்ணெய் தொட்டுக்கொள்வதுபோல, எச்சிலில் நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். கண்மாய்க் கரையில் உட்காரும் பெரியவர்கள் நரம்பை உதட்டில் வைத்து முடிச்சுப் போடுவது பல் வசதிக்காக மட்டும் இல்லை.

சரி, ஒரு கிலோ மீன் நாலரைக் கிலோ நரம்பை அறுத்த கதைக்கு வருகிறேன். அப்பத்தா வீட்டில் உறி தொங்கியது. தயிர்ப்பானையை அதில் மெல்ல இறக்கி வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். அதே பானையை ஒரு முழம் மேலிருந்து பொத்தென்று போட்டால் கயிறு அறும். பானையின் எடை மாறவில்லை. அது நிற்பதற்குக் கிடைத்த நேரம் சுருங்கிவிட்டது. விரால் இரையைக் கவ்வியதும் ஒரே உதறலில் திரும்பும். அந்த வேகத்தை நிறுத்த நரம்புக்கு நேரம் கிடைத்தால் பிழைக்கும். டிராக் அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது. ராடின் வளைவும், நைலானின் இழுபடும் குணமும் கூடவே கொஞ்சம் வாங்கிக் கொடுக்கின்றன.

எவ்வளவு இறுக்குவது? நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. 10 பவுண்டு நரம்பென்றால் சுமார் 1.1 முதல் 1.5 கிலோ. கைக்கணக்கு வேண்டாம். கோழிக் கடையில் இருக்குமே கொக்கி வைத்த தொங்கு தராசு, அதில் நரம்பை மாட்டி, ராடைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்தால் உருளை எந்த எடையில் வழுக்குகிறது என்று காட்டிவிடும். நாங்கள் பரணில் கிடந்த ஒன்றைத் தட்டி எடுத்து அப்படித்தான் பார்த்தோம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. மாவரைக்கும் திருகையின் கைப்பிடிக் குச்சி ஏன் கல்லின் விளிம்பில் இருக்கிறது? நடுவுக்கு அருகில் இருந்தால் அதே கல்லைச் சுற்ற இரண்டு மடங்கு மூச்சு வாங்கும். ரீலிலும் நரம்பு நிறைய இருக்கும்போது மீன் உருளையின் விளிம்பிலிருந்து இழுக்கிறது. ஓடி ஓடி நரம்பு குறைந்ததும் நடுவுக்கு அருகில் இருந்து இழுக்கிறது. திருகைத் தொடாமலே இழுவை கூடிவிடும். ஆகவே மீன் தூரம் போகப் போகத் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறானது.

வீசுவதைச் சொல்லித்தர முறம் போதும். புடைக்கும்போது கை முழுவதும் ஆடுவதில்லை, மணிக்கட்டு மட்டும் ஒரு சுண்டு சுண்டி நிற்கிறது. கை நின்றுவிட, உமி போய்க்கொண்டே இருக்கிறது. ராடும் அப்படித்தான்: பின்னால் கொண்டுபோய், முன்னால் சுண்டி, தலைக்கு மேல் சட்டென்று நிறுத்த வேண்டும். ராடு நிற்கும், இரை போகும். தோளிலிருந்து கம்பைச் சுழற்றுகிறவனுக்கு இரை காலடியில்தான் விழும். ரீலின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்பு ஐந்து சுற்று சேர்வதற்கு மத்து உவமை. கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மெல்லிய தண்டு பல சுற்று சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

விராலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. அமெரிக்காவில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் பாஸ் என்ற மீனைக் கொண்டாடுவார்கள். பெரிய வாய், பாசிக்குள் பதுங்கி நின்று தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வும் குணம். நம் கண்மாயில் அந்த இடத்தில் இருப்பது விரால். 2002-இல் மேரிலாந்தின் கிராஃப்டன் என்ற ஊர்க் குட்டையில் விராலின் ஒன்றுவிட்ட உறவான சீனத்து இனம் ஒன்று பெருகிக் கிடந்ததைக் கண்டு அந்த நாடே அலறியது. 2004-இல் பொட்டோமாக் ஆற்றிலும் கிடைத்தது. பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளையை இப்போது அங்கேயே அதற்கும் வீசுகிறார்கள். அதே தவளைதான் நம் ஊர்ப் பையன்கள் கைக்கும் வந்திருக்கிறது.

அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டி வைத்திருக்கிறார்கள். யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள், இலைக்கும் தண்டுக்கும் இடையே மீன்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அந்தக் கோயில் புதுப்பிக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அந்த மீன்கள் திறந்த தண்ணீரில் இல்லை, தாமரைக் காட்டுக்குள் இருக்கின்றன. தூண்டில்காரன் முதலில் படிக்க வேண்டிய பாடம் அது. விரால் நிழலும் மறைவும் உள்ள இடத்தில்தான் நிற்கும்.

இன்னொன்று, விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே தலைக்குள் காற்றை வைத்துக்கொள்ள ஓர் அறை உண்டு. அடிக்கடி மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கியே ஆக வேண்டும்; வர விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிவைத்தால் மீனே மூச்சடைத்துச் செத்துப்போகும். இது நமக்கு எப்படி உதவுகிறது? இரவில் மாவுப் பாத்திரத்தை மூடி வைத்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்து, விடியும்போது மாவு பொங்கி, காற்றே மாறிப்போயிருக்கும். கண்மாயும் இரவில் அப்படித்தான். வெளிச்சம் இல்லாததால் பாசியும் செடியும் பிராணவாயுவைத் தருவதை நிறுத்தி, மூச்சுவிட மட்டும் செய்கின்றன. விடியலில்தான் தண்ணீரில் பிராணவாயு ஆகக் குறைவு. கெண்டைகள் சோர்ந்து மேலே வாய் பிளக்கும் அந்த நேரத்தில் விரால் தெம்பாக வேட்டையாடும். இலைகளுக்கு இடையில் "டப்" என்று ஒரு குமிழி உடைந்தால் அது விரால் மூச்செடுத்த இடம். அதற்கு இரண்டடி தள்ளி வீச வேண்டும், தலையிலேயே போடக் கூடாது. கரையில் நடப்பதும் பூனை நடையாக இருக்கட்டும். அடுப்படி இருட்டாக இருந்தாலும் மூடி அதிர்வதை வைத்து எந்தப் பானை கொதிக்கிறது என்று தெரிகிறதல்லவா, மீனும் விலா ஓரக் கோட்டில் ஒவ்வொரு காலடியையும் அப்படியே கேட்கும்.

ரப்பர் தவளை உப்பின பூரி. உள்ளே காற்று, இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி மறைந்திருக்கும். அதனால் இலைமேல் இழுத்தாலும் சிக்காது. விரால் கவ்வியதும் பூரி அமுங்கும், முள் வெளியே தலைகாட்டும். தண்ணீர் வெடித்த சத்தம் கேட்ட மாத்திரத்தில் இழுத்தால் அமுங்காத பூரிதான் திரும்பி வரும். தோசை வேகும் முன் திருப்பியை நுழைத்தால் பிய்யும். வெந்தால் ஓரம் தானே எழும்பும். அந்த ஓரம் எழும்பும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழு. இந்த ஒன்றைக் கற்கத்தான் அவனுக்கு அதிக நாள் பிடித்தது. எனக்கும் அப்படித்தான்.

இங்கே என் குக்கர் உவமை ஓரிடத்தில் உதவாமல் போகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். தாமரைக்குள் மாட்டிய விராலுக்கு நரம்பு விட்டுக்கொடுத்தால் அது இரண்டு தண்டைச் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். பிறகு நரம்பும் நம்முடையதில்லை, மீனும் நம்முடையதில்லை. ஆகவே அடர்ந்த பாசியில் டிராக்கை ஏறக்குறையப் பூட்டத்தான் வேண்டும். ஆனால் நைலானோடு அல்ல. நைலான் ஊறிய பரோட்டா மாவு, இழுபடும். அங்கே வேண்டியது உறிக் கயிறு போலப் பல இழை பின்னிய நரம்பு, 30 முதல் 50 பவுண்டு, அதற்கேற்ற முரட்டு ராடு. அது இழுபடாது, தண்டையே அறுத்துக்கொண்டு வரும். மெல்லிய நைலானைப் போட்டுவிட்டுத் திருகைப் பூட்டுவதுதான் ஆபத்து. ஆவி போக வழியில்லாத சீடை எண்ணெயில் வெடிக்குமே, அப்படி முடியும். மருமகன் செய்தது தாமரைக்கு ஏற்ற இறுக்கம், திறந்த தண்ணீருக்கு ஏற்ற நரம்பு.

படகைப் பற்றியும் கேட்டான். 1948-இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் ஸ்கீட்டர் என்ற தட்டையான படகைச் செய்தார். பாஸ் மீனுக்கென்றே உருவான படகு வகை அதிலிருந்து தொடங்குகிறது. இன்று அவற்றில் மீனை உயிரோடு வைக்கத் தண்ணீர் ஓடும் தொட்டி இருக்கும், சந்தையில் விராலை அண்டாவில் வைத்து விற்பதுபோல. நமக்குக் காவிரியில் பரிசல் உண்டு. அது மிதக்கும் தாம்பாளம். அடியில் விளிம்பு இல்லாததால் எந்தப் பக்கமும் போகும், நின்ற இடத்திலேயே சுற்றும். மேட்டூரில் அதற்கு வேலை இருக்கிறது. இங்கே கண்மாய்க்குக் கரையும் கலிங்கும் போதும். லாரி டியூப்பில் ஏறித் தாமரைக்குள் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்டு காலைச் சுற்றினால் எழுவது கடினம், வேண்டாம் என்றேன். அதோடு மீன்பாசி குத்தகை யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றும்போது எங்கள் பக்கத்து ஊர்களில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா வேறு விதம். அன்று ராடுக்கு வேலையில்லை. அடியில்லாத கூடையான ஊத்தாவைச் சேற்றில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவி எடுப்பார்கள். கோழிக்குஞ்சைக் கூடையால் கவிழ்ப்பதுதான், மீனுக்கு.

மறுநாள் விடியலில் போனோம். பின்னல் நரம்பு, தராசில் பார்த்து வைத்த திருகு. முதல் விராலை எண்ணாமல் இழுத்துத் தொலைத்தான். இரண்டாவது வந்தது, முக்கால் கிலோ. மூன்றாவது இடத்துக்குப் போனபோது வீச ஓங்கிய கையைத் தானே நிறுத்தினான். மடைக்கு இடப்பக்கம், கோரையோரம், தட்டு அகலத்துக்குத் தண்ணீர் செவ்வரியாகக் கலங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், மூச்செடுக்க ஒன்றாக மேலே வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தாயும் தகப்பனும் நிச்சயம் கீழேதான் நிற்கும். குஞ்சை நெருங்கும் எதையும் கவ்வும். தவளையைப் போட்டால் உடனே மாட்டும். மாட்டினால் அந்தக் குஞ்சு மொத்தத்தையும் ஜிலேபி மீனும் குறவை மீனும் தின்றுவிடும்.

"ரசம் நுரை கட்டுது மாமா" என்றான். "அடுப்பை அணைச்சிரலாமா?"

நரம்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த மடைக்கு நடந்தோம்.