றெக்கை காயப்போடும் நீர்க்காகம்

சாமநத்தம் கண்மாய்க் கரையில் காலையில் போய் நின்றால் அநேகமாக இந்தக் காட்சி கிடைக்கும். பட்டுப்போன மரக்கிளையில் ஒரு நீர்க்காகம் இரண்டு றெக்கையையும் விரித்து, துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் மீன் பிடித்துப் பிழைக்கிற பறவைக்கு நனைகிற இறகா? பல வருஷம் இதை நான் இயற்கை விட்டுவைத்த ஒரு 'பக்' என்றே நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. இறகுகளுக்கு நடுவே தங்கும் காற்று பறவையை மேலே தூக்கும். முங்குவதற்கு அதுதான் தடை. நீர்க்காகத்தின் இறகில் வெளி ஓரம் மட்டும் நனைந்து காற்றை வெளியேற்றுகிறது. உள்பகுதி நனையாமல் உடம்புச் சூட்டைக் காக்கிறது. பாம்புத்தாராவுக்கு இறகு இன்னும் நன்றாக ஊறும், எலும்பும் கனம். அதனால்தான் உடம்பு அமிழ்ந்து, கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே தெரிகிறது. முக்குளிப்பான் வேறு வழி: நனையாத இறகை உடம்போடு அழுத்திக் காற்றைப் பிதுக்கிவிட்டு முங்கும்.

மூன்றுக்கும் பொது ஒன்று உண்டு. நீருக்கடியில் றெக்கையை அடிக்காமல் காலால்தான் உந்துகின்றன.

வடகடல்களில் வாழும் 'ஆக்' குடும்பம் இதற்கு நேர் எதிர். அவை றெக்கையை அடித்து நீருக்குள் 'பறக்கின்றன'. அதில் ஒன்றான புருனிக் கில்லிமாட் 200 மீட்டருக்கும் கீழே போகும். ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. நீருக்குத் தோதான சின்ன றெக்கையை வைத்துக்கொண்டு வானத்தில் பறக்க அது படாத பாடு படுகிறது. பறக்க ஆகும் சக்திச் செலவில் உச்சத்தில் இருக்கும் பறவைகளில் அதுவும் ஒன்று என்று 2013-இல் அளந்து சொன்னார்கள். அதன் உறவான பெரிய ஆக் பறப்பதையே விட்டுவிட்டது. வேட்டைக்கு வந்த மனிதர்களிடமிருந்து தப்ப வழியில்லை. கடைசியாக அறியப்பட்ட ஜோடி 1844-இல் ஐஸ்லாந்தின் எல்டே தீவில் கொல்லப்பட்டது.

இப்போது நம்ம ஊருக்கு வாங்க. மழை பொய்த்தால் சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். நீர்க்காகம் அடுத்த கண்மாய்க்கோ வைகை அணைக்கோ பறந்தே ஆகணும். நீந்தக் கால், பறக்க றெக்கை என்று வேலையைப் பிரித்து வைத்திருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. முங்கி எழுந்தபின் கொஞ்ச நேரம் வெயிலில் காய்வது அதற்குப் பெரிய விலை இல்லை.

அடுத்த முறை கண்மாய்ப் பக்கம் போனால், நீந்தும் பறவையின் முதுகு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். முங்கப்போவது யார், மிதக்கப்போவது யார் என்று அதிலேயே ஓரளவு பிடிபட்டுவிடும்.